அப்பா போட்ட பாலிஷ்

அந்த வீட்டில் சில மாதங்களாக ஓர் ஊமைச்சண்டை நடந்துகொண்டிருந்தது. சண்டை போட்டவர்கள் அப்பாவும் சின்னவளும். களைத்துப்போனது அம்மா.

"சின்னவளைச் சாப்பிட வரச் சொல்லு" என்பார் அப்பா. சின்னவள் அவருக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள்.

"நான் அப்புறமா சாப்பிட்டுக்கறேன்னு சொல்லும்மா" என்பாள் அவள், அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே.

"ஆஸ்பத்திரியில முப்பது பேரைப் பாத்துட்டு வர்றேன். அவங்ககூட இந்தப் பாடு படுத்தறதில்ல" என்று அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் டங்கென்று போடுவாள். அம்மா நர்ஸ். யார் முனகினாலும் என்ன வேண்டும் என்று கேட்டே பழகியவள். பேசாமல் உம்மென்று இருப்பவர்களுக்கு மருந்து எங்கே இருக்கிறது என்று மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

சண்டைக்குக் காரணம் அலை. சின்னவளுக்குப் பலகைமேல் ஏறி அலையில் சறுக்கி வரும் பைத்தியம் பள்ளிக்கூட நாளிலேயே பிடித்துவிட்டது. அது வார விடுமுறைப் பைத்தியமாக இருந்தவரைக்கும் அப்பா கண்டுகொள்ளவில்லை. போன வருடம் அவளுடைய கிளப் ஒரு சீசன் முழுக்க வெளிநாடுகளுக்குக் கிளம்ப, அவளும் கூடப் போனாள். பரீட்சைக்கு முந்தின நாள்தான் திரும்பி வந்து இறங்கினாள். புள்ளியியல் படிப்பில் ஒரு பேப்பர் போய்விட்டது. அதைத் திரும்ப எழுதி நல்ல மார்க்கோடு பாஸ் பண்ணியும் ஆயிற்று. ஆனால் அப்பாவைப் பொறுத்தவரை போன பேப்பர் போனதுதான்.

அப்பா மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. உள்ளே எப்போதும் ஸ்பிரிட் வாசனை. ஏழை வீட்டு ஸ்டூலாக இருந்தாலும் பணக்கார வீட்டு மேஜையாக இருந்தாலும், அவர் கை பட்டு வெளியே வரும்போது அதில் குனிந்து தலை வாரிக்கொள்ளலாம். 'போனாப் போகுது' என்கிற வார்த்தை அந்தக் கொட்டகைக்குள் நுழைந்ததே இல்லை. அதனால்தான் மகள் ஒரு பேப்பரைப் 'போனாப் போகுது' என்று விட்டுவிட்டாள் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

இப்போது மறுபடியும் ஒரு வாய்ப்பு வந்திருந்தது. கிளப்பின் பயணக் குழுவில் நிரந்தரமாக இரண்டு பேரைச் சேர்க்கிறார்கள். குழு தங்கப்போகும் ஊரில் ஒரு நல்ல கல்லூரி இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து அங்கேயே படிப்பைத் தொடரலாம். கடலும் கல்லூரியும் நடந்து போகும் தூரம். தேர்வுப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் போதும்.

விஷயத்தை அம்மா எடுத்துச் சொன்னபோது அப்பா ரொம்ப நேரம் பாலிஷ் துணியை மடித்து மடித்துப் பிரித்தார்.

"நான் நேர்ல வந்து பாக்கறேன்னு சொல்லு. அப்படி என்னதான் அதுல இருக்குன்னு பாத்துட்டு, போகலாமா வேணாமான்னு சொல்றேன்."

சின்னவளுக்கு இருபத்தொரு வயது. அவர் வேண்டாம் என்றாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். யாரும் காலைக் கட்டப் போவதில்லை. ஆனால் போன தடவை அவள் கிளம்பியபோது அம்மாவும் அக்காவும் வாசலில் நின்றார்கள். அப்பா கொட்டகையை விட்டு வரவில்லை. உள்ளேயிருந்து தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எத்தனையோ ஊர்களில், எத்தனையோ படுக்கைகளில், தூக்கம் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வந்துவிடும். இன்னொரு தடவை அப்படிப் போக அவளால் முடியாது. அவளுக்கு அவருடைய 'சரி' வேண்டும்.

போட்டி நாளன்று அம்மாவுக்குப் பகல் டியூட்டி. அக்காதான் தன் பழைய காரில் கூட்டிப் போனாள். அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். வாய் மட்டும் எந்தக் கடைக்கும் அடங்காது. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். சின்னவள் பின்னால்.

"பின்னாடி ஜன்னலை ஏத்தச் சொல்லு. காத்து மூஞ்சில அடிக்குது" என்றார் அப்பா.

"யாருகிட்ட சொல்லணும்?"

"அவகிட்டதான்."

"அவ எங்கயோ தூரதேசத்துல இருக்காளா? அம்மா மாதிரி நானும் உங்களுக்குத் தூது போவேன்னு நெனச்சீங்களா? கையை நீட்டினா அவ மூக்கு இடிக்கும்பா."

சின்னவள் தானாகவே ஜன்னலை ஏற்றினாள். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அப்பாவின் முகம் கொஞ்சம் தெரிந்தது. அவர் மெல்லச் சிரிப்பது மாதிரி இருந்தது. இவளுக்கு ஆச்சரியம். காலையில் பலகையை அவரே தூக்கி வந்து கார்மேல் கட்டியதும் ஆச்சரியம்தான். என்ன வந்தது இவருக்கு?

கடற்கரைக்குப் போய், உறையின் ஜிப்பை இழுத்ததும் விடை கிடைத்துவிட்டது.

பலகை மின்னியது. மின்னியது என்றால் சாதாரண மினுமினுப்பு இல்லை. வானமும் மேகமும் வாயைப் பிளந்த அக்காவின் முகமும் அதில் தெரிந்தன. முந்தின நாள் கல்லூரிக்குப் போகும்போது சின்னவள் அதைக் கொட்டகைச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டுப் போயிருந்தாள். அது போதும், அப்பாவின் கை சும்மா இருக்குமா?

அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பார்வை கடல்மேல். பேச்சு பெரியவளிடம்.

"அழுக்கு எப்படி ஏறிக் கிடந்துச்சு தெரியுமா? மேல் பக்கம் பூராவும் மெழுகு மாதிரி என்னமோ அப்பிப்போய்க் கட்டி கட்டியா இருந்துச்சு. சுரண்டி எடுத்து, தேய்ச்சு, மூணு கோட்டு குடுத்தேன். போட்டின்னு வந்துட்டா பொருளு பாக்க லட்சணமா இருக்க வேணாமா? இப்ப ஒரு ஈ உக்காந்தாக்கூட வழுக்கிடும்."

சின்னவள் பலகையை விரலால் தடவிப் பார்த்தாள். ஈ மட்டுமா வழுக்கும்?

அப்பா அழுக்கு என்று நினைத்துச் சுரண்டியது, அவள் நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெழுகு. ஈரமான பலகையில் பாதம் பிடித்து நிற்பதே அந்த மெழுகின் சொரசொரப்பில்தான். அது இல்லாமல் பலகைமேல் நிற்பதும் எண்ணெய் கொட்டிய தரையில் ஓடுவதும் ஒன்று. பையில் இருந்த மெழுகுக் கட்டியை எடுத்து ஓரமாகத் தேய்த்துப் பார்த்தாள். பாலிஷ்மேல் அது ஒட்டவே இல்லை. வந்த வழியே சறுக்கிப் போயிற்று.

கிளப் கோச் பக்கத்தில் வந்தார். உயரமான பெண்மணி, வெயிலில் காய்ந்து காய்ந்து வயதே தெரியாத முகம். பலகையைப் பார்த்ததும் அவருடைய புருவம் ஏறியது.

"என்னடி இது, கண்ணாடி பீரோக் கதவைக் கழட்டிட்டு வந்திருக்கே?"

"மெதுவா பேசுங்க கோச். அப்பா போட்டது."

கோச் திரும்பிப் பார்த்தார். நாலடி தள்ளி அப்பா யாரோ முன்பின் தெரியாத ஒருவரிடம், "அதோ அந்தப் பலகைதான். நம்ம கை வேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சரி. என் போர்டை எடுத்துக்கோ. கொஞ்சம் நீளம், சமாளிச்சுக்கலாம்."

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவளுடைய அலைக்காக அவர் செய்த முதல் காரியம் இது. அதை மணலில் போட்டுவிட்டு இன்னொருத்தர் பலகையைத் தூக்கிக்கொண்டு அவர் கண்முன்னால் நடக்க வேண்டும்.

"வேணாம் கோச். இதுலயே பாத்துக்கறேன்."

"உனக்கு மண்டை குழம்பிப்போச்சு" என்றார் கோச். "ரெண்டு சுத்துல எது நல்லா வருதோ அதான் கணக்கு. ஞாபகம் வெச்சுக்கோ."

முதல் சுற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல அலைதான் வந்தது. அவள் சரியாகக் கணித்துத்தான் துடுப்புப்போல் கையை வீசினாள். எழுந்து நிற்பதற்குக் காலை ஊன்றியதும் பலகை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். இரண்டாவது அலையில் முட்டிபோட்டபடியே சரிந்தாள். மூன்றாவதில் குப்புற விழுந்து தண்ணீரைக் குடித்தாள். ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவர் முதலில் "அடடா" என்றார், பிறகு "அய்யய்யோ" என்றார், கடைசியில் நாகரிகமாக அடுத்தவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அவள் கரைக்கு வந்தபோது அப்பா துண்டோடு நின்றார். பேன்ட்டின் அடி நனைந்திருந்தது; அலை காலைத் தொடும் இடம்வரைக்கும் இறங்கி வந்திருக்கிறார். துண்டை அவள் தோளில் போர்த்தினார்.

"அடிபட்டுச்சா?"

நேராக அவளிடம் கேட்டார். நடுவில் யாரும் இல்லை.

"இல்லப்பா."

"உக்காரு. மூச்சு வாங்குது பாரு."

இரண்டு பேரும் ஈர மணலில் உட்கார்ந்தார்கள். அவர் துண்டின் நுனியால் அவள் தலையைத் துவட்டினார்.

"பரவால்ல, விடும்மா. எல்லாருக்கும் எல்லாமும் வந்துடாது. ஆசைப்பட்ட, செஞ்சு பாத்த. அதுல ஒரு தப்பும் இல்ல. நானும் சின்ன வயசுல புல்லாங்குழல் வாசிக்கணும்னு ஆசைப்பட்டேன், உங்கம்மாகிட்ட கேளு, ஊரே ஓடிடுச்சு. உனக்குப் படிப்பு இருக்கு. படிப்புல நீ கெட்டிக்காரி. வீட்டுக்குப் போலாமா?"

அவர் திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். இவ்வளவு அன்பாகப் பேசுகிறவரை எதைக்கொண்டு எதிர்ப்பது? அந்தக் குரலில் ஏளனமே இல்லை. தோற்றுப்போன குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிற குரல். இப்போது அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஊமைச்சண்டை இந்த நிமிடமே முடிந்துவிடும். அப்பா இனி அவளிடம் நன்றாகப் பேசுவார், சிரிப்பார். ஆனால் மகளுக்கு அலை வராது என்று ஆயுள் முழுக்க நம்புவார். அவள் எங்கே போனாலும், 'பாவம், தெரியாததைப் பிடிச்சுத் தொங்குது' என்று நினைப்பார்.

"அப்பா, ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது."

"சொல்லு."

"நீங்க சுரண்டி எடுத்தது அழுக்கு இல்லப்பா. நான் தேய்ச்ச மெழுகு. அது இருந்தாத்தான் கால் நிக்கும். இப்ப பலகை ரொம்ப அழகா இருக்கு. ஆனா நிக்க முடியல. அதான் விழுந்தேன்."

அப்பா பலகையைப் பார்த்தார். அது வெயிலில் ஜொலித்துக்கொண்டிருந்தது.

"மரமோ என்னவோ, பாலிஷ்னா வழுக்கத்தான் செய்யும்" என்றார், தனக்குத்தானே. "வழுக்கலைன்னா அது பாலிஷே இல்ல."

"ஆமாப்பா. உங்க வேலையில ஒரு குத்தமும் இல்ல."

"இத அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க... எவ்ளோ சந்தோஷமா நின்னுட்டு இருந்தீங்க."

அவர் எழுந்தார். கூட்டத்தைத் தாண்டி, கொடிகளைத் தாண்டி, தூரத்தில் போய் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சின்னவளுக்குக் கண் கலங்கியது. இருந்ததும் போயிற்று என்று நினைத்தாள்.

அக்கா வந்து பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். போயிட்டாரு."

"எங்க போவாரு? கார் சாவி என்கிட்ட இருக்கு."

அப்பா திரும்பி வந்துகொண்டிருந்தார். நடை வேறு மாதிரி இருந்தது. கொட்டகைக்குள் நுழையும்போது நடக்கிற நடை. வரும்போதே இரண்டு சட்டைக் கைகளையும் முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு வந்தார்.

"எவ்வளவு சொரசொரப்பு வேணும் உனக்கு?"

"என்னப்பா?"

"அடுத்த சுத்து இருக்கில்ல? கால் வைக்கிற இடம் எது, எதுவரைக்கும் எடுக்கணும், சரியா காட்டு. மேல் பளபளப்பு போனா மெழுகு பிடிக்கும். ஆனா தேய்க்கறதுக்கு உப்புத்தாள் கொண்டு வரலையே..." அவர் சுற்றுமுற்றும் தேடினார். "இங்க பக்கத்துல கடை கிடை ஏதாவது இருக்கா பெரியவளே?"

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு ஒரு கை மணலை அள்ளி அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "ஏம்பா, கண்ணுக்கெட்டின தூரம் மணலா கிடக்கு. கடைக்குப் போய் ஒட்டின மணல் வாங்கணுமா?"

அப்பா ஒரு நிமிடம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சின்னவள் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று.

அவர் தன் கைக்குட்டையை நனைத்து, மணலைத் தொட்டு, பலகையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வட்டம் தேய்த்துப் பார்த்தார். முகம் சுளித்தது. பெற்ற பிள்ளையின் கன்னத்தில் சேறு பூசுகிற மாதிரி இருந்தது அவருக்கு. "பளபளன்னு இருக்கறத என் கையாலேயே கெடுக்கறேன். இது வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் எனக்கு வேலை குடுக்க மாட்டான்" என்றார். ஆனாலும் கை நிற்கவில்லை. அவள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் மண்டியிட்டுத் தேய்த்தார்கள்.

"கையை அப்படி அலைய விடாத. ஒரே சீரா வா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே கேட்டார்: "போன தடவை அங்கெல்லாம் எங்க தூங்கின?"

"ஒரு ரூமுக்கு எட்டுப் பேர்ப்பா. அடுக்குக் கட்டில். நான் மேல் கட்டில்."

"விழுந்து கிழுந்து வெச்சியா?"

"இல்லப்பா. மேல் கட்டில்தான் நல்லது, விளக்கு பக்கத்துல இருக்கும். படிக்கலாம்."

"படிச்சியா?"

"நிறைய. எல்லாரும் ஊர் ஊரா சுத்திட்டு வந்தேன்னு நினைக்கறாங்க. பாதி நாள் துணி துவைக்கிற இடத்துல வரிசைல நின்னேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். தண்ணிக்குள்ள போனாலும் காத்திருக்கறதுதான் வேலை. நல்ல அலை வர்றவரைக்கும் பலகை மேல உக்காந்துட்டே இருக்கணும். அப்பத்தான் ஒண்ணு புரிஞ்சுது. கிளாஸ்ல சராசரி, விலகல்னு சொல்லிக் குடுப்பாங்க, எனக்கு மண்டைல ஏறவே ஏறாது. கடல்ல உக்காந்து ஒவ்வொரு அலையும் வழக்கமான உயரத்துலருந்து எவ்ளோ தள்ளி வருதுன்னு பாத்துட்டே இருந்தேனா, பட்டுனு விளங்கிடுச்சு. அந்தப் பாடத்துல இப்ப நான்தான் கிளாஸ்ல முதல்."

அப்பா தேய்ப்பதை நிறுத்தினார். "இதெல்லாம் ஏன் சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கவே இல்லையேப்பா."

"கேக்கணும்னுதான் இருந்தேன்" என்றார் அவர். "எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. நாளாக ஆக இன்னும் தெரியாமப் போச்சு."

பிறகு அவர் மணலைக் கழுவிவிட்டு, கைக்குட்டையால் துடைத்து, விரல் நுனியால் தடவிப் பார்த்தார். நடுப்பகுதி மங்கிப்போய், பூனையின் நாக்குபோல் இருந்தது. சின்னவள் மெழுகைத் தேய்த்தாள். இந்தத் தடவை அது கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அப்பா கட்டியை அவள் கையிலிருந்து வாங்கி, தானும் ஒரு பக்கம் தேய்த்தார். கட்டி கட்டியாக நிற்பதைப் பார்க்கத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. "இப்படித்தான் இருக்கணுமா? நிச்சயமா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது சுற்றில் அவள் அவசரப்படவில்லை. வந்த அலைகளையெல்லாம் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தாள். கரையில் அப்பா, "ஏன் போக மாட்டேங்கறா? அதோ பெருசா வந்துச்சே!" என்று அக்காவைப் பிடுங்கி எடுத்தார். பிறகு அடிவானத்தில் ஒரு கோடு மற்ற கோடுகளைவிடக் கொஞ்சம் கறுப்பாக எழுந்தது. அவள் பலகையைத் திருப்பினாள். தண்ணீர் பின்னாலிருந்து அவளைத் தூக்கியது. காலை ஊன்றினாள்.

நின்றாள்.

பாதத்துக்குக் கீழே பலகை அவளுடைய பலகையாகவே இருந்தது. அலையின் சரிவில் இறங்கி, வளைந்து, மறுபடி மேலே ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, நுரை சரிவதற்குள் திரும்பி இறங்கினாள். காதில் காற்று. வேறு ஒன்றும் கேட்கவில்லை. அப்பா பார்க்கிறாரா என்றுகூட அவள் நினைக்கவில்லை. கரைக்குப் பக்கத்தில், முழங்கால் தண்ணீரில், அலை அவளை மெல்ல இறக்கிவிட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

அப்பா கைதட்டவில்லை. தட்ட மறந்துவிட்டார். ஒரு கையில் ஈரக் கைக்குட்டையோடு, பாதி திறந்த வாயோடு நின்றார். பக்கத்தில் அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

முடிவு சொல்ல வெகுநேரம் ஆக்கினார்கள். முதல் இடம், அவளைவிட இளைய, துருதுருவென்ற ஒரு பெண்ணுக்குப் போயிற்று. இரண்டாவதாகச் சின்னவளைக் கூப்பிட்டார்கள். கோச் தூரத்திலிருந்தே இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினார்.

சின்னவள் அப்பாவிடம் வந்து நின்றாள். இடம் கிடைத்தாயிற்று. இன்னும் கிடைக்க வேண்டியது ஒன்றுதான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் வாயையே பார்த்தாள்.

அப்பா கடலைப் பார்த்தார். மணலைப் பார்த்தார். சுருட்டிய சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

"அந்த ஊர்ல குளிருமா?"

"கொஞ்சம் குளிரும்ப்பா."

"கொஞ்சம்னா?"

"காலைல கை விறைச்சுப்போகும்."

"அப்ப உன்கிட்ட இருக்கற அந்த ஸ்வெட்டர் பத்தாது" என்றார் அப்பா. "அது காத்தைத் தடுக்காது, வலை மாதிரி இருக்கு. போற வழியில வேற நல்லதா ஒண்ணு எடுத்துடலாம்."

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். கண்ணில் மணல் விழுந்துவிட்டதாம்.

அப்பா அதற்குள் கோச்சைத் தேடிப் போய்விட்டார். கல்லூரி விடுதியில் வெந்நீர் வருமா, மேல் கட்டிலுக்குக் கைப்பிடி உண்டா, பரீட்சை நேரத்தில் போட்டி வைப்பீர்களா என்று அவர் கேட்பதும், கோச் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டுவதும் இங்கிருந்தே தெரிந்தது. பேச்சுக்கு நடுவில், கடலில் சும்மா பழகிக்கொண்டிருந்த ஒரு பையன் பலகையிலிருந்து விழுந்தான். அப்பா சட்டென்று திரும்பி, கையால் சுட்டிக்காட்டி, "பாத்தீங்களா, சீக்கிரம் எழுந்துட்டான். காத்திருந்திருக்கணும்" என்றார்.